மீன் ஊரில் சைவம்: நீண்ட கால அனுபவத்திலிருந்து

சைவத்துக்கு மாறிப் பத்து ஆண்டுகள் நெருங்குகின்றன. மாறிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால், உடம்பு லேசாகிவிட்டது, நல்ல தூக்கம் வருகிறது என்று எழுதியிருப்பேன். எந்தக் காரணம் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது, எது நடுவழியில் உதிர்ந்தது என்று தெரிந்தால்தான் மாற நினைப்பவர்களுக்கு உதவும்.

இருப்பது கடலூர். முதுநகர் துறைமுகத்திலிருந்து சங்கராவும் நெத்திலியும் விடிந்ததும் தெருவுக்கு வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் கருவாடு கைகொடுக்கும். புரட்டாசியில் நிறுத்தி, ஐப்பசி பிறந்ததும் மீன் கூடையைத் தேடிப் போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இங்கே ஒருத்தி மீனை விட்டுவிட்டாள் என்றால், "உடம்புக்கு என்ன?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

ஆரோக்கியம் என்ற காரணம்தான் முதலில் உதிர்ந்தது. மீனும் கீரையுமாக அளவோடு சாப்பிடும் என் மாமியார் எழுபது வயதைத் தாண்டியும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். பிறந்ததிலிருந்து சைவம், ஆனால் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றிருந்து சர்க்கரை நோயோடு போராடுகிறவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். சுற்றுச்சூழல் என்ற காரணத்தை மதிக்கிறேன். உலகின் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையிலிருந்து வருவதாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் நெத்திலி பொரியும் மாலையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த எண் அல்ல.

நண்டுதான் நிறுத்தியது. கடற்கரை ஊர்களில் நண்டை உயிரோடுதான் வாங்குவோம். அலுமினியப் பாத்திரத்தில் போட்டுத் தட்டால் மூடி வைத்தால், உள்ளே கால்கள் கீறும் சத்தம் சமையலறை முழுக்கக் கேட்கும். ஓட்டைப் பிரிக்கும்போதும் கால் அசையும். சிறு வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ஒரு கட்டத்தில் அதை வெறும் சத்தமாகக் கேட்க என்னால் முடியவில்லை. தப்பிக்கப் பார்க்கும் ஓர் உயிர் அது. என் நாக்கின் ருசிக்காக அது சாக வேண்டியதில்லை என்று தோன்றியது. இன்றும் இதைவிடப் பெரிய வாதம் என்னிடம் இல்லை.

அந்த உணர்வுக்கு வடலூர் ஒரு வடிவம் கொடுத்தது. கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பக்கத்திலேயே 1872இல் திறந்த சத்திய ஞான சபை. கொலையும் புலையும் (அதாவது புலால் உண்பதும்) தவிர்த்தவர்களே உள்ளே வர வேண்டும் என்று சபை வாயிலில் எழுதியிருக்கிறது. தருமச்சாலையிலோ, பசி என்று வந்து உட்கார்ந்தவரிடம் நீ என்ன சாப்பிடுகிறவன் என்று யாரும் கேட்பதில்லை. புலால் உண்பவரானாலும் பசியை ஆற்றியே தீர வேண்டும் என்பது வள்ளலாரின் நெறி. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால்தான் என் சைவம் நிலைத்தது என்று நம்புகிறேன். விதி எனக்கு, பிறர் பசிக்கு நிபந்தனை இல்லை. கடலை நம்பி உயிரைப் பணயம் வைக்கும் மீனவக் குடும்பங்களைக் குறைத்துப் பேசும் சைவம் எனக்கு வேண்டாம்.

இனி சமையலறை. சைவத்தைப் பலர் கைவிடுவது இங்கேதான். மீனை நிறுத்திவிட்டுத் தினமும் சாம்பார், ரசம், பொரியல் என்று போனால் நாக்கு கலகம் செய்யும். அது எதைத் தேடுகிறது என்று கவனித்தபோது பாதி விடை வடகத்தில் கிடைத்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் மீன் குழம்பைத் தாளிக்க வடகம் வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நன்றாகக் காய வைத்தது. நல்லெண்ணெயில் அதைக் கிள்ளிப் போட்டுப் பொரியவிட்டு, கெட்டியாகப் புளி கரைத்து, மாங்காய்த் துண்டுகளோடு கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டால் அந்தக் குழம்பில் குறை ஒன்றும் தெரியாது. மறுநாள் இன்னும் ருசி கூடும். பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் கொட்டைகளைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைக்கிறேன். பிஞ்சுப் பலா கிடைத்தால் மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுவல். மீன் சாப்பிடும் என் கணவரும் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்.

வீட்டில் மற்றவர்கள் மீன் சாப்பிடுகிறார்கள். தெருவுக்கு வரும் மீன்கார அக்காவிடம் பேரம் பேசுவது மாமியார், கழுவிச் சமைப்பது கணவர். சட்டி தனி, அவ்வளவுதான். வெளியூர்ப் பயணம் கொஞ்சம் சிரமம். ஆம்லெட் ஊற்றிய கல்லிலேயே தோசை வார்ப்பார்கள். கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

உடம்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவம் நல்லது என்று பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். நூறு கிராம் துவரம்பருப்பில் இருப்பதே 22 கிராம் அளவுதான். நீர்க்கச் சாம்பார் ஊற்றிக்கொண்டு புரதம் சேர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. வேர்க்கடலை, கொள்ளு, காராமணி, மொச்சை, மீல் மேக்கர் என்று ஏதாவது ஒன்று தினமும் கணிசமாகத் தட்டில் இருக்க வேண்டும். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் உடம்பு அதை உறிஞ்சுவது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வைட்டமின் பி12. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் அதை எதிர்பார்க்க முடியாது. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. மீனை விட்டதும் குறை தெரியாது, ஏனென்றால் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருக்கும். அது கரைந்த பிறகே சோர்வும் கால் மரத்துப்போவதும் தலைகாட்டும். அதற்காகக் காத்திருக்காமல், மாறும்போதே ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்திருந்தால் மருத்துவர் மாத்திரையோ ஊசியோ தருவார். தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதனால் சைவத்துக்கு எந்தப் பங்கமும் வந்துவிடாது.