காற்றடித்தால் அணைந்துவிடும் ஃபயர் பிட்

கோடை முடிந்து கடைகளில் விலை இறங்கியதும், எங்களிடம் இருக்கும் அதே புரோப்பேன் ஃபயர் பிட்டை, அதாவது முற்றத்தில் வைத்து எரிக்கும் எரிவாயுக் கணப்பை, தாமும் வாங்கலாமா என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவிலேயே வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதன் தெர்மோகப்பிளை (சுடரின் சூட்டை உணர்ந்து, சுடர் அணைந்தால் வாயு வால்வை மூடச் செய்யும் சிறு உணரி) மாற்றிய கையோடு எழுதுவதால், வார்த்தைகளில் சற்றுக் காரம் தெரிந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது என்பதில் எங்களுக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. ரொறன்ரோவில் வீட்டு முற்றத்தில் விறகு எரிக்க அனுமதி இல்லை. முறையான சான்றிதழ் பெற்ற புரோப்பேன் அல்லது இயற்கை எரிவாயுச் சாதனத்தைத் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். மேசைமேல் வைக்கும், ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் அழகான சிறு கிண்ணங்களை நான் தொடவே இல்லை. பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாத சுடர் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது மீண்டும் எரிபொருளை ஊற்றினால், தீ புட்டிக்குள் பாய்ந்து எதிரே இருப்பவர்மீது பீறிடக்கூடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இத்தகைய கிண்ணங்களைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தச் சொன்னது. 2019 முதல் 2 மரணங்களும் குறைந்தது 60 காயங்களும் அவற்றோடு தொடர்புபட்டவை என்று அது தெரிவித்தது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். பற்றவைக்கும்போது குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே குனிந்திருக்க வேண்டும். தெர்மோகப்பிளின் நுனி போதிய அளவு சூடேறுவதற்குள் விரலை எடுத்தால் சுடர் அணைந்துவிடும். அதையாவது பழகிக்கொள்ளலாம். வரிசை வீடுகளுக்கு இடையே சுழன்று வரும் காற்று சுடரை ஒருபக்கமாகத் தள்ளியதும், நுனி குளிர்ந்து, 'டக்' என்ற சத்தத்துடன் வால்வு மூடிக்கொள்வதைத்தான் பழக முடியவில்லை. விருந்தினர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கவும் நெருப்பு அணையவும் சரியாக இருக்கும். கரி படிந்த நுனியைத் துடைத்தும், அதைச் சுடரை நோக்கி மெல்ல வளைத்தும் பார்த்தபின் புதியதாகவே மாற்றியாயிற்று. இப்போது அணைவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இதற்குத் தீர்வாகிய கண்ணாடிக் காற்றுத்தடுப்பைப் பெட்டியோடு தராமல் தனி விலைக்கு விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நியாயமாகப் பேசினால், அந்த 'டக்' சத்தம்தான் இந்தச் சாதனத்தின் மிக நல்ல அம்சம். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. சுடர் அணைந்தபின்னும் வாயு வந்துகொண்டிருந்தால், மூன்று பக்கமும் வேலியடைத்த எங்கள் முற்றத்தில் அது மேலே கலைந்து போகாமல் தரையோடு தேங்கி, நிலவறைச் சன்னலின் பள்ளத்தில் இறங்கி நிற்கும். காற்று சுடரை அணைத்த சிறிது நேரத்தில் வாயுவையும் நிறுத்தும் ஓர் அமைப்பு இல்லாத ஃபயர் பிட்டை இவ்வளவு சிறிய இடத்தில் நான் வைக்கமாட்டேன். புகை இல்லை, தீப்பொறி பறப்பதில்லை, பக்கத்து வீட்டில் காயும் துணியில் வாடை ஏறுவதில்லை. இவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குளிர் மாலைகளில் சுடர் சிறுத்துப் போவது பழுதல்ல. திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து உள்ளே அழுத்தம் இறங்குகிறது. அதன் வெளிப்புறத்தில் எந்த உயரம்வரை பனி பூத்திருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்துக்குத் திரவம் மிச்சமிருக்கிறது. முழு வேகத்தில் மணிக்கு 50,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) எரித்தால் 20 பவுண்டு சிலிண்டர் எட்டரை மணி நேரம்வரை வரவேண்டும். வசந்தத்தில் முதன்முறை பற்றவைக்குமுன் பர்னர் குழாயில் சிலந்திக் கூடு இருக்கிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆற்றுக் கூழாங்கல்லை அழகுக்காக உள்ளே போடாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகும்போது கல் வெடிக்கக்கூடும்.

நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். அவருடையது மூலை வீடு, காற்று இன்னும் அதிகம். தள்ளுபடியில் மிச்சமாகும் பணம் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கே போய்விடும். இவ்வளவு பாதுகாப்பானதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். குனிந்து குமிழைப் பிடித்த இடுப்பு வலி ஆறியதும் பதில் எழுதுகிறேன்.