எழுபது ரூபாய்க்கு வாசலில் வந்து நின்ற தபாலாபீஸ்

அப்பா ரயில்வேயில் கீமேன். தண்டவாளம், சுத்தியல், ஸ்பேனர் என்று முப்பத்தைந்து வருஷம் போனதில் விரலில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. ஓய்வு பெற்றவருக்கு ரேகை எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு நவம்பரிலும் ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். ஆள் எதிரே நின்று வணக்கம் சொன்னாலும் ரேகை பார்க்கும் மெஷின் ஒத்துக்கொள்ளாது. பென்ஷன் வரும் வங்கிக்கிளை (பெயர் வேண்டாம், விடுங்கள்) ஊரிலிருந்து 14 கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறிப் போய், டோக்கன் வாங்கி, பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிய வருஷங்கள் உண்டு. நாளைக்கு மட்டும் ரேகை முளைத்துவிடுமா?

போன நவம்பரில் இந்த வேலையைத் தபாலாபீஸ் பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தேன். அதற்கு முன் அந்தத் துறையின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனதில் தபாலாபீஸ் என்றால் பசை டப்பா, கயிறு கட்டிய பேனா, "சில்லறையா குடுங்க". அவ்வளவுதான்.

இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி என்று ஒன்று 2018 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கினார்கள் அல்லவா, அவர்கள் 2020 நவம்பரிலிருந்தே தபால்காரர் மூலமாக வீட்டுக்கு வந்து டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஜிஎஸ்டி உட்பட 70 ரூபாய். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டும் என்றும் இல்லை. தபால் துறையின் செயலியில் பதியலாம், இல்லையென்றால் ஊர்த் தபால்காரரிடம் வாயால் சொன்னாலே போதும். நான் சென்னையிலிருந்து செயலியில் பதிய உட்கார்ந்த நேரத்தில், அப்பா அங்கே வாசலில் போய்க்கொண்டிருந்த தபால்காரப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அப்பாதான் ஜெயித்தார்.

அந்த வாரக் கடைசியில் நானும் ஊரில் இருந்தேன். அந்தத் தபால்காரப் பெண் ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதிருக்கும், கிளை அஞ்சலகத்து ஊழியர். ஆதார் எண், பிபிஓ எனப்படும் பென்ஷன் உத்தரவு எண், பென்ஷன் விழும் கணக்கு எண், ஓடிபி வருகிற மொபைல், இவ்வளவுதான் கேட்டார். முதலில் ரேகை மெஷினில் நான்கு விரல் வைத்துப் பார்த்தோம், எதிர்பார்த்தது போலவே ஒன்றும் விழவில்லை. நான் மனதுக்குள் 14 கிலோமீட்டரைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவரோ அலட்டிக்கொள்ளாமல், "ஐயா, வெளிச்சத்துல வந்து உக்காருங்க, மூஞ்சிய வச்சே எடுத்துரலாம்" என்று நாற்காலியை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போட்டார். முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி 2021இல் வந்தது. போன் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அப்பா ஒரு தடவை சிமிட்டச் சொன்னால் நிறுத்தாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தார். "போதும் ஐயா, வந்துருச்சு." கொஞ்ச நேரத்தில் மொபைலில் பிரமாண் எண், அதாவது அந்தச் சர்டிபிகேட்டின் எண், வந்தது. வேலை முடிந்தது. காபி குடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

இதை வீட்டிலேயே நம் போனில் இலவசமாகச் செய்யலாம். ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதாரின் முகம் காட்டும் செயலி ஒன்று, இரண்டையும் இறக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் 70 ரூபாய் மிச்சம். இல்லாத வீடுகளுக்குத்தான் இந்தச் சேவை, அந்த மாதிரி வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு இருக்கின்றன.

அவர் அங்கிருந்து கிளம்பிப் போன அடுத்த வீட்டையும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பாட்டிக்கு நூறு நாள் வேலைச் சம்பளம் வேறொரு வங்கியில் விழுகிறது. ஆதார் எண்ணையும் விரலையும் வைத்து, இந்தப் பெண்ணிடமே பணமாக வாங்கிக்கொண்டார். எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் ஆதார் இணைந்திருந்தால் போதும், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். நாடு முழுக்க சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள், அதில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில். எந்தத் தனியார் வங்கி இப்படி ஊர் ஊராகக் கிளை போடப் போகிறது? இந்த வலையை வைத்துக்கொண்டு இத்தனை காலம் வெறும் கடிதம், மணியார்டர், சேமிப்புக் கணக்கு என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்களே என்றுதான் தோன்றியது.

ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று. விரல் ரேகையை வைத்துப் பணம் எடுக்கலாம் என்றால், ரேகையைத் திருடினாலும் பணம் எடுக்கலாம். பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதி எடுத்து ஏமாற்றிய வழக்குகள் பல மாநிலங்களில் வந்திருக்கின்றன. அதனால் வேலை முடிந்ததும் ஆதார் செயலியில் அப்பாவின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்துவிட்டேன். அடுத்த தடவை திறக்க மறந்தால் முகமும் விழாது, ரேகையும் விழாது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தபால் ஊழியர்களே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கும்படி துறை ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும். பாட்டிக்கு யார் சொல்லுவார்கள்?

சரி, சென்னைக்கு வருவோம். கவுன்டர் பக்கம் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்கப் புது மென்பொருள் ஓடுகிறது. அட்வான்ஸ்டு போஸ்டல் டெக்னாலஜி என்று பெயர், ஏபிடி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த சேதி, இதை வெளி நிறுவனத்திடம் கொடுக்காமல் மைசூருவில் இருக்கும் துறையின் சொந்த மென்பொருள் மையமே எழுதியது. ஐடி 2.0 என்ற அந்த மொத்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 5,785 கோடி ரூபாய். மாற்றிய புதிதில் பல ஊர்களில் சர்வர் திணறி, வரிசை நீண்டு, பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதுவும் ராக்கி அனுப்பும் வாரத்தில் மாற்றியிருந்தார்கள், யார் நாள் குறித்தார்களோ. இப்போது கவுன்டரில் க்யூஆர் காட்டுகிறார்கள், ஸ்கேன் செய்துவிட்டு வந்துவிடலாம். சில்லறைப் பேச்சு போயே போய்விட்டது. இதற்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் தரலாம்.

ரெஜிஸ்டர் தபால்தான் மனதை உறுத்துகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் அது தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். ரெஜிஸ்டர் என்றால் பெயருள்ள ஆளிடம் மட்டும் கொடுப்பார்கள், ஸ்பீட் போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கிறவரிடம் கொடுப்பார்கள், இதுதான் வித்தியாசமாக இருந்தது. இப்போது ஸ்பீட் போஸ்டில் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கொடுத்தால் பெயருள்ளவரிடமே சேரும். இன்னொரு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கொடுத்தால், வாங்குகிறவர் ஓடிபி சொன்னால்தான் கவர் கைமாறும். ஏற்பாடு நல்லதுதான், அதுவும் காசோலை, ஒரிஜினல் சான்றிதழ் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஓடிபி தைரியம். ஆனால் விலையைப் பாருங்கள். பழைய ரெஜிஸ்டர் தபால் 26 ரூபாய்க்குள் முடிந்தது. 2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்ட் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47. உள்ளூருக்கு ஏறக்குறைய அதே செலவு, வெளியூர் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். வாடகை வீட்டுத் தகராறுக்கு நோட்டீஸ் அனுப்புகிறவரும் பிஎஃப் ஆபீசுக்கு மனு போடுகிறவரும் வேகத்துக்காகவா ரெஜிஸ்டர் தபாலைத் தேடினார்கள், அத்தாட்சிக்காகத் தேடினார்கள். அவர்களிடம் வேகத்தைக் கட்டாயமாக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகங்களுக்கும் இதே கதை நடந்தது. ரெஜிஸ்டர் புக் போஸ்டை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டு, சிறு பதிப்பாளர்களின் புலம்பலுக்கு நடுவே 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று கொண்டுவந்தார்கள், 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ என்றால் 100. பரவாயில்லை, டிராக்கிங்கும் உண்டு, ஆனால் சிற்றிதழ்களுக்கு இந்தச் சேவையே கிடையாது.

அடுத்து செயலிகள். இங்கேதான் மதிப்பெண்ணைத் தயங்காமல் குறைக்கிறேன். ஒரே கட்டடம், ஒரே சிவப்புப் பலகை, உள்ளே இரண்டு விதமான கணக்கு. ஒன்று காலம் காலமாக இருக்கும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, 4 சதவீத வட்டி, குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும், பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. இன்னொன்று பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு, ரிசர்வ் வங்கியின் உரிமத்தில் நடப்பது, இருப்பு எதுவும் வைக்க வேண்டாம், ஆனால் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, கடனும் தரமாட்டார்கள். வட்டியும் முதலாவதைவிடக் குறைவு. இரண்டுக்கும் வேறு வேறு செயலி, வேறு வேறு பாஸ்வேர்டு. ஆர்டிக்கும் செல்வமகள் சேமிப்புக்கும் வீட்டிலிருந்தே பணம் கட்ட வேண்டும் என்றால், பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறந்து அஞ்சலகக் கணக்கோடு இணைத்து, இதிலிருந்து அதற்கு அனுப்புவது ஒரு வழி. ஒரு தடவை புரிந்துவிட்டால் ஜோராக வேலை செய்கிறது, மாதாமாதம் கவுன்டருக்குப் போக வேண்டிய பாடு இல்லை, நான் மகளின் செல்வமகள் கணக்கை அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் புரிவதற்குள் தலைமுடி கொஞ்சம் உதிரும். 2014 பிப்ரவரியில் நாட்டின் முதல் அஞ்சலக ஏடிஎம்மை நம் தியாகராய நகர் தலைமை அஞ்சலகத்தில்தான் திறந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், சாதாரண ஆள் ஒரே செயலியில் எல்லாவற்றையும் பார்க்க முடியாமல் இருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு புதுமை டிஜிபின். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த பின்கோடு ஒரு பகுதியைக் காட்டும், இது நாட்டையே நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு தருகிறது. 2025 மே மாதம் வெளியிட்டார்கள், ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் சேர்ந்து செய்தது. எங்கள் வீட்டுக் குறியீட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் பெருமையாகக் காட்டினேன். "இது எதுக்குண்ணே, பிள்ளையார் கோவிலுக்கு மேக்க மூணாவது வீடுன்னா எனக்குத் தெரியாதா" என்று சிரித்தார். அவருக்குத் தேவையில்லைதான். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் ஆம்புலன்ஸ்காரருக்குத் தேவைப்படும், புறநகரில் முளைக்கும் பெயரில்லாத மனைப்பிரிவுகளுக்கும் தேவைப்படும்.

டென்மார்க்கில் 2025 டிசம்பரோடு தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது, 1624இல் தொடங்கிய சேவை. சுவிட்சர்லாந்தில் தபால் துறையே ரெஜிஸ்டர் தபால் மாதிரி அத்தாட்சியோடு மின்னஞ்சல் அனுப்பும் சேவையை நடத்துகிறது. அந்த மாதிரி ஒன்று இங்கே வந்தால் முதலில் பணம் கட்டுகிறவன் நான்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன். 1898ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன்படி விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் எந்தச் சேவைக்கும் அஞ்சலகம் பொறுப்பேற்காது. கவர் காணாமல் போனால் சரி, தலைவிதி என்று விடலாம். ஆதாரும் ரேகையும் பணமும் கைமாறும் சேவைகளில் ‘பாதுகாப்பானது’ என்று விளம்பரம் செய்கிறவர்கள், தவறு நடந்தால் எவ்வளவு தருவோம் என்பதையும் அதே போஸ்டரில் அச்சடிக்கலாமே.

அப்புறம், "உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, 12 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்துங்கள்" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். தபால் துறை பெயரில் நடக்கும் மோசடி அது, அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே பல தடவை எச்சரித்துவிட்டது. எங்கள் சித்தி கிட்டத்தட்ட அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டார், எந்தப் பார்சலுக்கும் காத்திருக்காதவர்!

மொத்தத்தில், மெஷினோடு ஒரு ஆளும் சேர்ந்து வந்த இடத்தில் எல்லாம் எனக்கு முழுத் திருப்தி. மெஷினை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட இடத்தில் பாதி. அந்த ஆளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், கிராம அஞ்சல் ஊழியர் என்பது நாலைந்து மணி நேர வேலையாகக் கணக்கு, 2018இல் நிர்ணயித்த தொடக்கத் தொகை மாதம் 10,000 ரூபாயும் அகவிலைப்படியும், நிரந்தர அரசு ஊழியரும் இல்லை. இத்தனை கோடியில் மென்பொருள் செய்கிறவர்கள், கடைசியில் வேப்ப மரத்தடிக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறவருக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

அப்பாவுக்கு இந்த ஆடியில் 80 ஆகிறது. எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1ஆம் தேதியே லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம் என்பதை அந்தப் பெண்தான் சொன்னார். அப்பா அப்போதே நாள் குறித்துவிட்டார். "ஆயுத பூஜைக்கு மறுநாள் வாம்மா, சுண்டல் இருக்கும்."