சர்வீஸ் சென்டரின் இலவச வாட்டர் வாஷ்: காரை விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கருப்பு, அடர்நீலம், மெரூன் என்று அடர்த்தியான நிறத்தில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் புதுசாக வாங்கியவர்கள், அடுத்த முறை கம்பெனி சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலேயே (காரில் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று பதியும் படிவம்) 'வாட்டர் வாஷ் வேண்டாம்' என்று எழுத வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. எங்கள் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டர். பெயரைப் போடவில்லை. இந்தப் பழக்கம் அந்த ஒரு இடத்தோடு நிற்பதில்லை என்பதால் பெயரைவிட விஷயம்தான் முக்கியம். ஆயில், ஃபில்டர், பிரேக் செக்கப் என்று வழக்கமான பெய்டு சர்வீஸ். கருப்புக் கார், வீட்டில் நானே கழுவித் துடைப்பது. அதனால் வாஷ் வேண்டாம் என்று, காரை வாங்கி வேலைகளைப் பதிந்துகொள்ளும் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். "சரி சார்" என்றார். இருட்டிய பிறகுதான் டெலிவரி கொடுத்தார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கார் பளபளவென்று நின்றது, கண்ணாடி ஓரங்களில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வாஷ் காம்ப்ளிமென்டரி சார், பண்ணிட்டோம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சொன்னது வாஷ் பே வரைக்கும் போகவே இல்லை.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் போனட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். வெயில் எங்கே பட்டுத் தெறிக்கிறதோ அங்கெல்லாம் தெரிந்தன. டிரைவர் பக்கக் கதவில் நகம் வைத்தால் தட்டுப்படுகிற அளவுக்கு இரண்டு நீளக் கீறல். துணியில் மாட்டிய மணல் துகளோடு இழுத்துத் துடைத்தால் விழுகிற கீறல் அது. மேல்கூரையில் தண்ணீர்த் துளி காய்ந்த வெள்ளைத் தடங்கள் வேறு.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். தகரத்தின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகத்தான் பெயின்ட் இருக்கிறது. இன்றைய கார்களில் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய அடுக்குதான். கோடுகள் விழுவதும் அதில்தான். கோடுகளைப் போக்க வேண்டுமென்றால் காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் போட்டு, சுற்றியிருக்கும் கிளியர் கோட்டையும் அந்தக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பாலீஷுக்கும் பெயின்ட் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வராது. சென்னை மாதிரி வெயில் ஊரில் கிளியர் கோட் மெலிந்துபோனால் கூரையிலும் போனட்டிலும் நாளடைவில் வெளுத்து, செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். சில பழைய கார்களில் பார்த்திருப்பீர்கள்.

சர்வீஸ் சென்டரில் கழுவும் விதத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உள்ளே விடமாட்டேன் என்றால் கஸ்டமர் லவுஞ்ச் கண்ணாடி வழியாகவாவது பாருங்கள். பிரஷர் கன்னில் தண்ணீர் அடித்து, நுரை போட்டு, ஒரே ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே வரை தேய்க்கிறார்கள். வாசல்படிக்குக் கீழே இருக்கும் சேறும் மணலும் அந்த ஸ்பாஞ்சில் ஏறுகிறது. அதே வாளியில் முக்கி அடுத்த காருக்குப் போகிறது. துடைக்கிற துணியும் அப்படித்தான், கீழே விழுந்தால் உதறிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர். கடலோரப் பகுதிகளில் அதில் உப்பு கூடுதலாக இருக்கும். துடைக்காமல் காயவிட்டால் கால்சியமும் மெக்னீசியமும் பெயின்ட் மேல் வெள்ளையாகப் படியும். நாள்பட்டால் சாதாரண ஷாம்பூவுக்குப் போகாது.

கழுவுகிற பையன்களை நான் குறை சொல்லவில்லை. அநேக இடங்களில் அவர்கள் ஒப்பந்தத்துக்கு வருபவர்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று, வரிசையில் நிற்கும் கார்களை டெலிவரி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். சுத்தமான துணியும் இரண்டாவது வாளியும் வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. ஒரு காருக்கு ஒதுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதும் நிர்வாகம்தான். என் கோபம் அங்கேதான்.

திரும்பப் போய்க் காட்டியபோது கேட்ட பதில்கள் மூன்று. "கருப்பு கலர்ல இதெல்லாம் சகஜம் சார்." "இது ஏற்கனவே இருந்திருக்கும் சார்." கடைசியாக, "வாஷுக்கு நாங்க காசே வாங்கலையே சார்." பிறகு ஒர்க்ஸ் மேனேஜர் வந்தார். வருத்தம் தெரிவித்துவிட்டு, இதற்கு ஒரே தீர்வு செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) என்றார், தள்ளுபடி விலையில் செய்து தருவதாகவும் சொன்னார். கீறல் விழுந்த பெயின்ட் மேல் கோட்டிங் போட்டால் கீறல் உள்ளேயே அடைபடும். முதலில் பாலீஷ் போட்டே ஆக வேண்டும், அதுவும் அதே இடத்தில், அதே ஆட்களால். கீறியவர்களே அதற்கு மருந்து விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கெமிக்கல்ஸ், கோட்டிங், இன்டீரியர் கிளீனிங் இவற்றை விற்கச் சொல்லி அட்வைசர்கள் மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது பில்லைப் பார்த்தாலே தெரியும். மழைக்கால செக்கப் கேம்ப், இலவச வாட்டர் வாஷ் என்று போன் வருகிறதே, அதில் வாஷ் இலவசம்தான். கார் நிற்கிற நேரத்தில் எழுதித் தருகிற பட்டியல்தான் அவர்களுக்கு வருமானம்.

"காசே வாங்கலையே" என்ற பதிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(42)ல் 'சேவை' என்பதன் விளக்கத்தில் கட்டணமில்லாமல் செய்யும் சேவை சேராது. பில்லில் வாஷுக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தால் அதைக் காட்டி நழுவப் பார்ப்பார்கள். நம் பக்கம் சொல்ல வேண்டியது இதுதான்: சர்வீஸுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், கார் அவர்கள் பொறுப்பில் இருந்தது, வாஷ் அதே ஜாப் கார்டின் கீழ் நடந்தது, வேண்டாம் என்று சொல்லியும் நடந்தது. இந்தக் கடைசி விஷயத்துக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் அவர்களால் வாயைத் திறக்க முடியாது. என்னிடம் அது இல்லாததால் இழுத்தடித்தார்கள். விடும் முன் வாசலில் எடுத்த படங்கள் போனில் இருந்ததால் 'ஏற்கனவே இருந்தது' என்ற பேச்சு மட்டும் நின்றது. படங்களோடு கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். வெளியே ஒரு டீடெய்லிங் கடையில் (காரைச் சுத்தம் செய்து பாலீஷ் போடும் கடை) செய்த பாலீஷ் செலவில் பாதியைத் தந்தார்கள். உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.

கதவில் விழுந்த அந்த நீளக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. கடைக்காரர் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைத் தேய்ச்சு எடுக்காதீங்க சார், மெலிஞ்சிடும், அப்படியே விடுங்க" என்றார். நேர்மையான மனிதர். தேய்த்துக் காசு வாங்கியிருக்கலாம்.

இப்போது நாங்கள் செய்வது: ஜாப் கார்டில் 'எக்ஸ்டீரியர் வாஷ் வேண்டாம், எஞ்சின் வாஷ் வேண்டாம், டேஷ்போர்டு பாலீஷ் வேண்டாம்' என்று எழுதி, அட்வைசர் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். டேப்லெட்டில் பதிபவர்கள் என்றால் அந்த ஜாப் கார்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்கிறோம். ஸ்டியரிங்கிலும் அதையே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுகிறோம். காரை நகர்த்துகிற டிரைவர் ஜாப் கார்டைப் படிப்பதில்லை, ஸ்டியரிங்கைத்தான் பார்க்கிறார். டெலிவரி பகலில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரமாக இருக்கும் காரில் கீறல் தெரியாது. காயும் வரை இருந்து, வெயிலில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திருப்தி என்று கையெழுத்துப் போடுங்கள். எஞ்சின் வாஷ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், சென்சார் கனெக்டர்களில் பிரஷர் தண்ணீர் போனால் பெயின்ட் கீறலைவிடப் பெரிய செலவு. டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வரும் கார் என்றால் புதுப் பெயின்ட் முழுசாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதை அந்த ஸ்பாஞ்சிடம் கொடுக்கவே கூடாது.

கீழ்ப்பகுதி வாஷை மட்டும் மறுக்காதீர்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது ஆயில் கசிவு, கிழிந்த ரப்பர் பூட் எல்லாம் மெக்கானிக் கண்ணில் பட வேண்டுமானால் அடியில் சேறு இருக்கக்கூடாது. அங்கே கிளியர் கோட் பற்றிய கவலையும் இல்லை. ஜாப் கார்டில் 'அண்டர்பாடி வாஷ் மட்டும்' என்று எழுதச் சொல்லலாம். அதேபோல பல வருடம் ஓடிய வெள்ளை நிற வாடகைக் காருக்கு அவர்கள் கழுவிக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளையில் இந்தக் கோடுகள் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் வாஷ் மட்டும் அதற்கும் வேண்டாம்.