டி4 கலிஃபோர்னியா: அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு என்ஜினுக்குப் போங்கள்

ஜெர்மனியில் முப்பது வயது நிரம்பிய வண்டிக்கு, பழம்பெரும் வாகனம் என்று காட்டும் 'எச்' எண்பலகை கேட்கலாம். அந்தக் கணக்கில் 1990-களின் முதல் பாதியில் பதிவான ஃபோக்ஸ்வேகன் டி4 கலிஃபோர்னியாக்கள், அதாவது படுக்கையும் அடுப்படியும் உள்ள கேம்பர் வேன்கள், ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டன, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி வண்டிகளின் முறை இப்போது. நேற்றுவரை 'பழைய கேம்பர்' என்று விற்ற வண்டி இன்று 'வருங்கால கிளாசிக்' என்று விளம்பரத்தில் வருகிறது. விலையும் கூடவே ஏறுகிறது. அந்தப் பட்டத்துக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் எல்லா டி4-க்கும் இல்லை. என்ஜின் நன்றாக ஓடுகிறது என்பதற்காக வாங்கினால் ஏமாறலாம். உள்ளே இருக்கும் மர அலமாரியும் கூரையும்தான் இந்த வண்டியின் சொத்து.

முதலில் பின்னணி. ஃபோக்ஸ்வேகனின் டிரான்ஸ்போர்ட்டர் வேன் வரிசையில், மூன்றாம் தலைமுறையான டி3 வரை என்ஜின் பின்னால். 1990-இல் வந்த டி4-இல்தான் அது முன்னால் வந்தது, இழுவையும் முன் சக்கரங்களுக்கு மாறியது. படுக்கைக்கு அடியில் என்ஜின் இல்லாததால் பின்பக்கம் தரை தாழ்ந்து, இடம் கூடியது. கலிஃபோர்னியா என்ற பெயர் 1988-இல் டி3-இலேயே வந்துவிட்டது. டி4-க்கும் உள்வேலை முழுவதையும் ஜெர்மனியின் ரேடா-வீடன்புருக் ஊரிலுள்ள கேம்பர் கட்டும் நிறுவனமான வெஸ்ட்ஃபாலியாவே செய்தது. பிறகு வெஸ்ட்ஃபாலியாவின் வேன் பிரிவை டைம்லர்கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. போட்டியாளர் கையில் போன நிறுவனத்திடம் தன் வண்டியைக் கொடுக்க ஃபோக்ஸ்வேகன் விரும்புமா? 2003-இல் டி5 வந்தபோது கலிஃபோர்னியாவைத் தானே ஹனோவரில் கட்டத் தொடங்கியது. ஆக, வெஸ்ட்ஃபாலியா கைபட்ட கடைசி கலிஃபோர்னியா இதுதான். கிளாசிக் என்ற வாதத்தின் பாதி பலம் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

அதனால் ஒரு எச்சரிக்கை. சரக்கு வேனாகப் பிறந்து, பின்னாளில் யாரோ பலகை அடித்து, அடுப்பு வைத்த டி4-களும் 'கலிஃபோர்னியா' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் வண்டியின் தயாரிப்புக் குறியீடுகள் இருக்கும், அதை டீலரிடம் காட்டினால் சொல்லிவிடுவார்கள். சேஸி எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: 'எஸ்' (S) என்றால் 1995, 'டி' (T) என்றால் 1996, 'வி' (V) என்றால் 1997. ஃபோக்ஸ்வேகனின் மாடல் ஆண்டு முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எச் எண்பலகைக்கு எண்ணப்படுவது முதல் பதிவு நாளிலிருந்து, மாடல் ஆண்டிலிருந்து அல்ல.

இப்போது அலமாரி. இடப்பக்கச் சுவரோடு நீளமாக ஓடும் அந்தத் தொகுப்பில் இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேலிருந்து திறக்கும் கம்ப்ரஸர் குளிர்பெட்டி, துணி அலமாரி எல்லாம் அடக்கம். பலகை எடை குறைந்தது, மேலே மெல்லிய பூச்சு. ஓரப் பட்டை உரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை அப்பம்போல் உப்பும், பிறகு எந்த வேலையும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. கழுவும் தொட்டிக்குக் கீழேயுள்ள கதவைத் திறந்து, விரலால் அடிப்பலகையின் உள் மூலையை அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் குழாய் இணைப்போ தண்ணீர்த் தொட்டியோ வெகுநாளாகக் கசிகிறது. கதவுப் பூட்டுகள், கீல்கள், மேசையின் கால், திரைகள் ஓடும் தண்டவாளம் ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். முன் கூரையோரத்தில் தண்ணீர் அளவும் பேட்டரி வோல்ட்டும் காட்டும் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள வண்டி என்றால், அதன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். பிரேக் டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கட்டுப்பாட்டுப் பலகையும் அந்தக் கால அலமாரிக் கதவும் பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதுவும் நிறம் ஒத்துவர வேண்டும்.

கூரை இரண்டு வகை: தூக்கி நிறுத்தும் கூரை, நிரந்தர உயரக் கூரை. தூக்கும் கூரையில் முதலில் போவது துணி. மடிப்பு விழும் கோட்டில் வெயிலும் ஈரமும் சேர்ந்து நூலை அரித்துவிடும். பகலில் கூரையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து மேலே பாருங்கள், ஊசித்துளை வெளிச்சம் தானாகத் தெரியும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. ஈரத்தோடு மூடிவைத்த வண்டி. துணியை மாற்றலாம், ஆனால் துணிக்கே பல நூறு யூரோ ஆகும், இழுத்துப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். தூக்கிய கூரை தானாகத் தாழ்ந்தால் அதைத் தாங்கும் கேஸ் ஸ்டிரட் போய்விட்டது, அது சின்ன வேலை. உயரக் கூரை வண்டியில் பார்க்க வேண்டியது கண்ணாடி இழைக் கூரையும் தகரமும் சேரும் விளிம்பு. அங்குள்ள பசை வெடித்தால் தண்ணீர் உள்பலகைக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்குள் போக வேண்டியவர்கள் தூக்கும் கூரையையே எடுக்கட்டும். மற்றபடி குளிர்காலத்தில் தூங்க உயரக் கூரைதான் வசதி.

துருவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதி, பின் சக்கர வளைவு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, சறுக்குக் கதவின் அடிப்பகுதி. கேம்பருக்கே உரிய இடங்கள் இன்னும் சில: தண்ணீர் நிரப்பும் மூடி, 230 வோல்ட் இணைப்பு, கேஸ் பெட்டியின் காற்றுத்துளை ஆகியவற்றுக்காகத் தகரத்தை வெட்டிய ஓரங்கள். அலமாரிக்குப் பின்னால் சுவாச ஈரமும் சமையல் ஆவியும் குளிர்ந்து தகரத்தில் நீராக வடிவதால், இடப்பக்கச் சுவர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது வேலை பெரிதாகியிருக்கும். சுத்தமான துணியில் சுற்றிய சிறு காந்தத்தை சில்லில் ஓட்டிப் பாருங்கள், புட்டி பூசிய இடத்தில் பிடிப்பு தளரும்.

என்ஜினில் தேர்வு அதிகம். 1.9 லிட்டர் டீசல் சுமார் 60 குதிரைத்திறன், அலமாரியும் படுக்கையும் ஏற்றிய வண்டியை மலையேற்றுவதற்குள் பொறுமை போய்விடும். ஏஏபி (AAB) என்ற என்ஜின் குறியீடு கொண்ட 2.4 லிட்டர் டீசல் ஐந்து சிலிண்டர், டர்போ இல்லை, மின்னணுத் தொல்லை ஏறக்குறைய இல்லை. மெதுவாக ஓட்டச் சம்மதம் என்றால் நல்ல தேர்வு. கொதிக்கவிட்டால் மட்டும் சிலிண்டர் தலை விரிசல் விடும். பெட்ரோலில் விஆர்6 என்ற ஆறு சிலிண்டர் என்ஜினை அதன் சத்தத்துக்காக வாங்குகிறவர்கள் பெட்ரோல் நிலையத்தில் வருந்துவார்கள். எல்லோரும் தேடுவது 1995-இல் வந்த ஏசிவி (ACV), அதாவது 2.5 லிட்டர் டிடிஐ டர்போ டீசல், 102 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு எட்டு ஒன்பது லிட்டரில் அடங்கும். பராமரித்த ஏசிவி லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும். ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு.

முதலாவது டைமிங் பெல்ட். இந்த ஐந்து சிலிண்டர் டீசலில் பெல்ட் ஒன்றல்ல, இரண்டு. கேம் ஷாஃப்டையும் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டும் பெல்ட் ஒரு முனையில், டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பை ஓட்டும் சிறிய பெல்ட் கியர்பாக்ஸ் பக்க முனையில். டி4 பழகாத மெக்கானிக் முதல் பெல்டை மாற்றிவிட்டு 'பெல்ட் வேலை முடிந்தது' என்று பில் போட்டுவிடுவார். அதனால் விற்பவர் காட்டும் பில்லில் இரண்டு பெல்டும், டென்ஷன் உருளைகளும், தண்ணீர்ப் பம்பும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயது உண்டு, வருடக்கணக்கில் நின்ற கேம்பருக்கு இது இன்னும் பொருந்தும். கிராங்க் புல்லியின் போல்ட் மிகக் கடுமையாக முறுக்கப்பட்டிருக்கும், எதிர்ப்பிடிப்புக் கருவி இல்லாமல் தொடக் கூடாது. பம்ப் பெல்டை மாற்றியபின் இன்ஜெக்‌ஷன் நேரத்தைக் கணினியை இணைத்துச் சரிபார்க்க வேண்டும். குத்துமதிப்பாக விட்டால் புகையும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும்.

இரண்டாவது, 109 என்ற எண் பொறித்த ரிலே, அதாவது சிறு மின் சுவிட்ச். டிடிஐயின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்சாரம் தருவது இது. உள்ளே ஈயப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் விழும், சூடானால் தொடர்பு விடும். சாவியைத் திருப்பியும் டாஷ்போர்டில் குளோ பிளக் (கிளம்புமுன் என்ஜினைச் சூடேற்றுவது) விளக்கு எரியவில்லை, ஸ்டார்ட்டர் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். டாஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியில் பிடுங்கி மாற்ற ஐந்து நிமிடம். விலையும் சொற்பம். உதிரி ஒன்றைக் கையுறைப் பெட்டியில் போட்டுவைக்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். இதை அறியாமல் இழுவை வண்டிக்குக் காசு கொடுத்தவர்கள் நிறைய.

மூன்றாவது காற்று அளவு சென்சார். வண்டி சோர்ந்து, ஏற்றத்தில் இழுக்க மறுத்தால், சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கழற்றியபின் நன்றாக இழுத்தால் சென்சார் போய்விட்டது. டர்போ வாங்கச் சொல்லும் பட்டறையை அப்போது நம்ப வேண்டாம். இன்ஜெக்‌ஷன் பம்பின் ரப்பர் வளையங்கள் வயதாகி இறுகும். பம்பின் அடியில் டீசல் ஈரம் இருந்தால் பம்பையே மாற்றாமல் வளையத் தொகுப்பை மட்டும் மாற்றலாம். கூலன்ட் தொட்டியையும் எட்டிப் பாருங்கள். நீல நிற ஜி11, சிவப்பு ஜி12 இரண்டையும் கலந்தால் சேற்று நிறம் வரும். பழுப்பாகத் தெரிந்தால் முழுதும் கழுவி நிரப்ப வேண்டும், ரேடியேட்டரும் அடைத்திருக்கலாம்.

சேஸியில் பின் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து கிடப்பது சகஜம், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கையால் மாற்றும் கியரில் ஐந்தாவது மட்டும் கத்தினாலோ நழுவினாலோ கியர்பாக்ஸ் வேலை காத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வேண்டாம், எண்ணெய் மாற்றிய ஆதாரம் கையில் இருந்தால் தவிர.

அடுப்படி சின்னதுதான், ஆனால் யோசித்துச் செய்தது. அலமாரிக்குள் 2.75 கிலோ கேம்பிங்கேஸ் சிலிண்டர் ஒன்று நிற்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதைக் கொடுத்து மாற்றலாம் என்பது வசதி, கிலோ கணக்கில் பார்த்தால் விலை அதிகம் என்பது குறை. மூன்று லிட்டர் குக்கர் ஒரு பர்னரில் நிற்கும், பக்கத்தில் பெரிய சட்டி வைக்க இடம் கிடைக்காது. கூரையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே சோறும் குழம்பும் வைத்தால் ஆவியும் தாளிப்பு வாடையும் துணியில் குடியேறும். சறுக்குக் கதவைத் திறந்துவைத்துச் சமையுங்கள், தாளிப்பை வெளியே ஒரு தனி அடுப்பில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கேஸ் குழாயிலும் ரெகுலேட்டரிலும் தயாரிப்பு ஆண்டு அச்சிட்டிருக்கும், பத்து ஆண்டு தாண்டினால் மாற்ற வேண்டும். ஜெர்மனியில் ஜி 607 கேஸ் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அந்தச் சான்று இல்லாத வண்டி என்றால் சோதனைச் செலவை விலையில் கழியுங்கள்.

எச் எண்பலகை கிடைத்தால் ஆண்டு வரி 191.73 யூரோ, என்ஜின் அளவு எதுவானாலும். மாசு குறைந்த வண்டிக்குத் தரும் பச்சை ஒட்டி இல்லாத பழைய டீசலுக்கு இதைவிடப் பெரிய லாபம், நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் போகலாம் என்பது. அதற்கு நிபுணரின் மதிப்பீடு வேண்டும்: வண்டி நல்ல நிலையில், பெரும்பாலும் பிறந்த கோலத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் அலமாரி மறுபடி கணக்குக்கு வருகிறது. அண்மையில் பொருத்திய ஒட்டுப்பலகை அடுப்படி, பெரிய அலாய் சக்கரம், நவீன முகப்பு விளக்கு எல்லாம் கேள்விக்கு உள்ளாகும். கழற்றிய பழைய பாகங்களை விற்பவர் கொட்டகையில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே வரலாற்று வாகன வரி வகுப்புக்கு 40 வயது வேண்டும், அதுவரை லண்டனின் மாசுக் கட்டண மண்டலமான யூலெஸுக்குள் டீசல் டி4-க்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு.

இருவரோ, இரண்டு சிறுபிள்ளைகளோடு ஒரு குடும்பமோ வார இறுதிக்கும் கோடை விடுமுறைக்கும் போக இது போதும். நிரந்தரமாகக் கழிப்பறை வேண்டும், நின்றுகொண்டே குளிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். வாங்குவதானால் தூக்கும் கூரை, ஏசிவி என்ஜின், கையால் மாற்றும் கியர், யாரும் கைவைக்காத சாம்பல் நிற அலமாரி. இந்த நான்கும் சேர்ந்த வண்டிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் காசு கொடுக்கலாம். ஒரு லட்சமே ஓடி, அலமாரியைப் பிடுங்கிப்போட்ட வண்டியை விட்டுவிடுங்கள்.