கொல்கத்தாவா, மலப்புறமா?

கிரிக்கெட்டே மூச்சு என்று இருக்கும் நம் நாட்டில், கால்பந்துக்காக உயிரை விடும் ஊர்கள் கொல்கத்தாவும் கேரளாவின் மலப்புறமும். ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

கொல்கத்தாவின் பலம் பரம்பரை. 1911-ல் அந்த ஊர் கிளப்பான மோகன் பகானின் வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதியில் ஆங்கிலேயப் படை அணியை 2-1 என வீழ்த்தினார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கோ இன்னொரு கிளப்பான ஈஸ்ட் பெங்கால்தான் எல்லாம். 1997-ல் இரண்டும் மோதியபோது சால்ட் லேக் அரங்கில் 1,30,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ரசிகர்கள் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். சமையல்கட்டு வரைக்கும் கட்சி!

மலப்புறத்தில் இந்தப் பழம்பெருமை கிடையாது. அங்கே செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயலிலும் ஆட்டம் நடக்கும். மூங்கிலும் கமுகும் வைத்துக் கட்டிய கேலரி, இரவில் விளக்கொளி, காலடியில் புழுதி. மைதானம் சின்னது என்பதால் பந்து ஓயவே ஓயாது. கோட்டோரம் உட்கார்ந்தால் மடியிலேயே வந்து விழும். நைஜீரியா, கானா வீரர்கள்கூட சீசனுக்கு வந்து ஆடுகிறார்கள்.

சரி, என் ஓட்டு மலப்புறத்துக்குத்தான். வரலாற்றைப் படித்துக்கொள்ளலாம், அந்தக் கேலரியின் அதிர்வை நேரில்தான் உணர முடியும். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் 2022 இறுதியில் வங்காளத்தைப் பெனால்டியில் கேரளா வென்றதும் இதே மாவட்டத்து மஞ்சேரியில்தான்.