டெஸ்ட் ஆட்டம் பார்க்க வெளியூர் அழைத்துச் செல்பவர்களிடம் பணம் கட்டுமுன்: கான்பூரில் எங்களுக்கு நேர்ந்தது

2024 செப்டம்பர் இறுதியில் கான்பூர் கிரீன் பார்க் மைதானத்தில் நடந்த இந்தியா – வங்கதேசம் இரண்டாவது டெஸ்ட் ஆட்டத்தைப் பார்க்க, சென்னையிலிருந்து ஒரு தனியார் சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் சென்ற 22 பேரில் நானும் என் அப்பாவும் இருந்தோம். மழையைச் சாக்காக வைத்து அந்த ஏற்பாட்டாளர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதை, இனிமேல் இதேபோல் பணம் கட்டப்போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மழை பெய்ததற்காக யாரையும் குறைசொல்லவில்லை. மழை நின்ற பிறகு நடந்த ஆட்டத்தை நாங்கள் பார்க்க முடியாமல் போனதற்கு மழை காரணமில்லை.

கான்பூரைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்களுக்கென்று ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்கு வயது 71. அஸ்வின் பந்து வீசும் நாளில் அவர் தொலைக்காட்சி முன்னிருந்து எழுந்ததே இல்லை. அஸ்வினின் 200ஆவது டெஸ்ட் விக்கெட் 2016இல் நியூசிலாந்துக்கு எதிராக விழுந்தது கிரீன் பார்க்கில்தான். அது இந்தியாவின் 500ஆவது டெஸ்ட் ஆட்டமும்கூட. 2021இல் அதே நியூசிலாந்துக்கு எதிராக ஹர்பஜன் சிங்கின் 417 விக்கெட்டுகளை அவர் தாண்டியதும் அதே மைதானத்தில்தான். அந்த ஆட்டத்தில் கடைசி விக்கெட் ஜோடியான ரச்சின் ரவீந்திராவும் அஜாஸ் படேலும் வெளிச்சம் குறையும்வரை நின்று டிரா செய்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்து பார்க்கணும்டா" என்று அப்பா சொன்னார். 1959இல் ஜசு படேல் ஆஸ்திரேலியாவின் 9 விக்கெட்டுகளை 69 ரன்களுக்கு வீழ்த்தியதும், 1969இல் விஸ்வநாத் தன் முதல் டெஸ்ட்டிலேயே 137 ரன்கள் எடுத்ததும் அதே மண்ணில்தான் என்பதை அவர் எனக்குச் சொல்லாத ஆண்டு கிடையாது.

ஆகஸ்ட் மாதம் ஒருவருக்கு 18,500 ரூபாய் வீதம் இருவருக்கும் 37,000 ரூபாய் கட்டினோம். போக வர ரயில், ஐந்து இரவு தங்கும் அறை, காலை உணவு, ஐந்து நாளுக்கும் சி பால்கனியில் இருக்கை என்பது பேச்சு. அவர் தந்த ரசீதில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது; எதற்கு எவ்வளவு என்ற பிரிவு இல்லை, மழை என்ற சொல்லும் இல்லை. இடையில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது. அஸ்வின் சதமடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளும் எடுத்து, நான்காம் நாளே இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த மகிழ்ச்சியில் ரசீதை மறுபடி எடுத்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

26ஆம் தேதி கான்பூரில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி. சி பால்கனியின் உறுதி குறித்துப் பொதுப்பணித் துறை கவலை தெரிவித்ததால், ஏறத்தாழ 4,800 பேர் அமரக்கூடிய அந்தப் பகுதியில் 1,700 டிக்கெட்டுகள் மட்டுமே விற்பனைக்கு வந்தன என்ற செய்தி ஏற்கெனவே நாளிதழ்களில் வந்திருந்தது. ஏற்பாட்டாளர் எங்களுக்குக் குறைந்த விலைப் பகுதி ஒன்றின் டிக்கெட்டுகளைத் தந்தார். விலை வித்தியாசத்தைக் கேட்டபோது, ஊருக்குத் திரும்பியதும் கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். இந்தக் கட்டத்திலேயே அதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை.

முதல் நாள் ஆட்டம், அவுட்ஃபீல்டு (நடு ஆடுகளத்தைச் சுற்றியுள்ள புல்வெளி) ஈரத்தால் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. டாஸ் வென்ற ரோஹித் சர்மா பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். சொந்த மண்ணில் இந்தியா அப்படிச் செய்தது 2015க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 35 ஓவர்கள் நடந்தன, வங்கதேசம் மூன்று விக்கெட் இழப்புக்கு 107. ஆகாஷ் தீப் இரண்டு, அஸ்வின் ஒன்று. அஸ்வின் பந்தில் வங்கதேசக் கேப்டன் ஷாந்தோ எல்பிடபிள்யூ ஆனபோது அப்பா எழுந்து நின்று கை தட்டினார். நாங்கள் நேரில் பார்த்த ஒரே அஸ்வின் விக்கெட் அதுவாகவே நின்றுவிட்டது.

சனிக்கிழமை முழுவதும் மழை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் மனத்தை அறுத்த நாள். அன்று பகலில் மழை இல்லை. ஆனாலும் முந்தைய மழையின் நீரை அந்த அவுட்ஃபீல்டால் வடிக்க முடியவில்லை. நடுவர்கள் மீண்டும் மீண்டும் வந்து, ஈரம் தேங்கிய இடங்களைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிற்பகல் இரண்டு மணியளவில் அன்றைய ஆட்டம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அந்த அவுட்ஃபீல்டைத் திருப்தியற்றது என மதிப்பிட்டு, மைதானத்துக்கு ஒரு தகுதிக் குறைப்புப் புள்ளியும் வழங்கியது. அவ்வளவு வரலாறு கொண்ட மைதானத்துக்கு இப்படி ஒரு மதிப்பீடு கிடைத்தது அங்கே நேசத்தோடு போனவர்களுக்கு வலிக்கிறது. ஆனால் அது சரியான மதிப்பீடு.

அறைக்குத் திரும்பியபோது ஏற்பாட்டாளர் வாசலிலேயே நின்றிருந்தார். "சார், மேட்ச் அவ்வளவுதான். ரெண்டு நாள் முழுசாப் போயிடுச்சு, மூணு இன்னிங்ஸ் பாக்கி இருக்கு, டிரா தவிர வேற வழியே இல்ல. அய்யாவை வச்சுக்கிட்டு இந்த ஈரத்துல எதுக்குக் கஷ்டப்படணும்? இன்னிக்கு ராத்திரி ரயில்லயே எல்லாருக்கும் இடம் வாங்கிட்டேன். மிச்ச ரெண்டு நாள் டிக்கெட்டைக் கொடுத்திடுங்க, பணம் திரும்ப வாங்கித் தர்றேன்" என்றார். நான் தயங்கியபோது, மாலை ஆறு மணிக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும், அதற்குமேல் தங்கினால் வாடகை எங்களுடையது, திரும்பும் ரயிலும் எங்கள் பொறுப்பு என்றார். செவ்வாய் இரவுக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட் என்னவாயிற்று என்று கேட்டேன். ரத்து செய்தாகிவிட்டது என்ற பதில்தான் வந்தது. மொழி தெரியாத ஊரில், வயதானவரை வைத்துக்கொண்டு, அந்தக் கணத்தில் எதிர்த்து நிற்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நான்கு டிக்கெட்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். 22 பேரில் இரண்டு இளைஞர்கள் மட்டும் மறுத்து, தங்கள் செலவில் தங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை, செப்டம்பர் 30. எங்கள் ரயில் போபாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கான்பூரில் ஆட்டம் தொடங்கிவிட்டது. மோமினுல் ஹக் சதமடித்ததைக் கைப்பேசியில் பார்த்தோம். இட்டார்சியைக் கடந்து சாத்பூரா மலைப்பகுதிக்குள் ரயில் நுழைந்ததும் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வங்கதேசம் 233, ஜடேஜாவுக்கு 300ஆவது டெஸ்ட் விக்கெட் என்று ஒரு சுரங்கத்துக்கு வெளியே வந்தபோது தெரிந்தது. அடுத்த முறை சிக்னல் கிடைத்தபோது மூன்று ஓவர்களில் இந்தியா 50 ரன்கள் எடுத்திருந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே மிக வேகமான அணி அரைசதம். அதன் பிறகு 10.1 ஓவரில் 100, 24.2 ஓவரில் 200, ஜெய்ஸ்வால் 51 பந்தில் 72, ராகுல் 43 பந்தில் 68, 34.4 ஓவரில் ஒன்பது விக்கெட் இழப்புக்கு 285 ரன் எடுத்த நிலையில் ரோஹித் டிக்ளேர் செய்தார். அந்த ஒரே நாளில் 437 ரன்களும் 18 விக்கெட்டுகளும். மாலையில் மறுபடி ஆட வந்த வங்கதேசம் இழந்த இரண்டு விக்கெட்டுகளையும் அஸ்வினே எடுத்துவிட்டிருந்தார். அப்பா கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாக்பூர்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், 95 ரன் இலக்கை மூன்று விக்கெட் இழப்புக்கு எட்டி இந்தியா வென்றது. தொடர் நாயகன் விருது அஸ்வினுக்கு. அது அவருடைய 11ஆவது தொடர் நாயகன் விருது, முரளிதரனின் சாதனைக்குச் சமம். அந்த டிசம்பரில் பிரிஸ்பேனில் அவர் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்தபோது, கான்பூருக்கு இனி போவதற்கான காரணமும் எங்களுக்கு முடிந்துபோயிற்று.

அப்பாவுக்கு மழை புதிதில்லை. 2004 அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்டின் கடைசி நாளில், பத்து விக்கெட்டும் கையிருக்க 210 ரன் மட்டுமே தேவை என்ற நிலையில், மழை அந்த நாளையே விழுங்கிய காலையில் அவர் குடையோடு மைதானத்துக்கு வெளியே நின்றிருக்கிறார். அதைப் பற்றி இன்றுவரை வருத்தத்தோடுதான் பேசுவார், கோபத்தோடு பேசியதில்லை. கான்பூரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

ஊருக்கு வந்தபின் கணக்கைக் கேட்கத் தொடங்கினேன். சி பால்கனி விலை வித்தியாசம், ஒரு பந்தும் வீசப்படாத இரண்டு நாள் டிக்கெட் பணம், ஒப்படைத்த இரண்டு நாள் டிக்கெட் பணம், தங்காத இரண்டு இரவு அறை வாடகை ஆகிய நான்கையும் எழுதி அனுப்பினேன். முதல் இரண்டு வாரம் "பார்க்கிறேன் சார்" என்றார், பிறகு "மழைக்கு நான் பொறுப்பா?" என்றார், அதன் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். அந்த இரண்டு இளைஞர்களிடம் பேசியபோதுதான், திங்கட்கிழமை எங்கள் வரிசையில் எங்கள் இருக்கைகளில் உள்ளூர்க்காரர்கள் அமர்ந்திருந்தார்கள் என்பதும், அவர்கள் அந்த டிக்கெட்டுகளை வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கியதாகச் சொன்னார்கள் என்பதும் தெரிந்தது.

அதைவிட வலுவான சான்று என் கையிலேயே இருந்தது. ஞாயிறு இரவு ரயிலுக்கு அவர் தந்த டிக்கெட்டின் நகலில் பதிவு செய்யப்பட்ட நேரம் அச்சாகியிருந்தது: சனிக்கிழமை முற்பகல். அந்த நேரத்தில் சனிக்கிழமை ஆட்டமே இன்னும் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செவ்வாய் இரவு டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் சிறு தொகை போக மீதிப் பணம் திரும்பிவிடும் என்பது அப்போதிருந்த ரயில்வே விதி. அந்தப் பணம் டிக்கெட் எடுத்த அவருடைய கணக்குக்குத்தான் போகும். ஆக, மழை கனத்த உடனேயே எங்களை ஞாயிறு இரவு கிளப்பிவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டு, ஆட்டத்தின் நிலவரத்தைப் பிறகு அதற்கேற்றாற்போல் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். நடுவர்கள் கைவிடுவது அந்த ஒரு நாள் ஆட்டத்தை மட்டுமே. அடுத்த நாள் காலை மைதானம் காய்ந்திருந்தால் ஆட்டம் உண்டு, இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓவர்களும் கூட்டப்படும். ஆகவே ஐந்தாம் நாள் முடியுமுன் "மேட்ச் முடிந்துவிட்டது" என்று எந்த ஏற்பாட்டாளர் சொன்னாலும் நம்பாதீர்கள், டிக்கெட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஆட்ட டிக்கெட்டை உங்கள் பெயரில், உங்கள் கணக்கிலிருந்து நீங்களே வாங்குங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிலை வந்தால் அது வாங்கியவருக்குத்தான் வரும், நடுவில் இருப்பவர் தந்த காகிதத்தை வைத்து நீங்கள் யாரிடமும் கேட்க முடியாது. ரயிலும் அறையும்கூடத் தனித்தனித் தொகையாக ரசீதில் இருக்கட்டும்; மழையால் ஒரு நாளோ பல நாளோ ஆட்டம் நடக்காவிட்டால் என்ன செய்வார் என்பதை முன்பணம் தருமுன் எழுத்தில் கேளுங்கள்.

மைதானத்தையும் விசாரியுங்கள். செப்டம்பர் கடைசி வாரம் தென்மேற்குப் பருவமழை உத்தரப் பிரதேசத்தைவிட்டு முழுதாக விலகாத காலம் என்பதை நான் போகுமுன் யோசித்திருக்க வேண்டும். கான்பூருக்கு இரண்டு வாரம் கழித்து பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நியூசிலாந்து டெஸ்ட்டின் முதல் நாள் முழுவதும் மழையில் போனது. ஆனால் நிலத்தடியிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும் அமைப்பு அங்கே இருப்பதால், மறுநாள் காலை ஆட்டம் நடந்து, இந்தியா 46 ரன்னில் சுருண்டதை மக்கள் நேரில் பார்த்தார்கள். மழை பெய்யும் ஊர் என்பதைவிட, மழை நின்றபின் அந்த மைதானம் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதே ரசிகனுக்கு முக்கியம்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்பாட்டாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நான் தொடுத்துவிட்டேன். ரயில் டிக்கெட் நகல், ரசீது, அவருடைய குறுஞ்செய்திகள், அந்த இரண்டு இளைஞர்களின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். எங்களோடு அந்த ரயிலில் திரும்பிய மற்ற 18 பேரில் ஐந்து பேர் இதுவரை சேர்ந்திருக்கிறார்கள். மீதிப் பேரும், ஞாயிறு இரவு ரயில் டிக்கெட்டைத் தூக்கி எறிந்திருக்கவில்லை என்றால், அதில் அச்சான பதிவு நேரத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள்.