ஏஎஃப்எம்8 கிரிம்ப் டூல் வாங்கலாமா? டூலோடு சேர்த்து வாங்க வேண்டியவை என்னென்ன?

விமானத்தின் வயர்க் கட்டுகளைச் செய்கிற ஹார்னஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள், வயர் முனையில் உலோகப் பின்னை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் டூலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: டேனியல்ஸ் கம்பெனியின் ஏஎஃப்எம்8. நீலக் கைப்பிடி போட்டது. டிராயிங்கிலும் வேலைக் குறிப்பிலும் இந்தப் பெயர் இருக்காது, எம்22520/2-01 என்று மிலிட்டரி நம்பர்தான் போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். பெங்களூரில் ஹார்னஸ் பெஞ்சில் உட்கார்ந்து பல வருஷமாக இதைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இது 20 முதல் 32 ஏடபிள்யூஜி வரையிலான மெல்லிய வயருக்கானது (ஏடபிள்யூஜி என்பது வயர் அளவு, எண் கூடக் கூட வயர் மெல்லிசு). தடி வயர் என்றால் இதன் அண்ணன் ஏஎஃப்8 இருக்கிறது, 12 முதல் 26 வரை போகும். இரண்டுக்கும் பொதுவாக வரும் 20 முதல் 26 வரையிலான வயரில் எதை எடுப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. முடிவு செய்வது வயர் இல்லை, கான்டாக்ட், அதாவது வயர் முனையில் மாட்டும் பின் அல்லது சாக்கெட். அந்தக் கான்டாக்டுக்கு எந்த டூல், எந்தப் பொசிஷனர் (கான்டாக்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் துண்டு), எந்த செட்டிங் என்று ஆவணத்திலேயே இருக்கும், அதைப் பார்த்து எடுத்தால் போதும்.

விமானங்களில் வரும் 38999 வகைக் கனெக்டரின் 22டி அளவுப் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள், எம்39029/58-360. அரிசியைவிட மெல்லியது, உடம்பில் ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று மூன்று கோடு, ஒவ்வொரு நிறமும் ஒரு இலக்கம், அதாவது 3, 6, 0. நம்பரே அங்கே எழுதியிருக்கிறது, படிக்கத்தான் கண் வேண்டும். இதற்குக் கே42 பொசிஷனர். டூலின் பின்பக்கம் செருகி ஒரு கால் சுற்று திருப்பினால் உட்கார்ந்துவிடும். பொசிஷனர் மேலேயே ஒரு சின்னத் தகடு இருக்கும், எந்த வயருக்கு எந்த எண் என்று அதில் பொறித்திருப்பார்கள். செலக்டர் நாபைத் தூக்கி 1 முதல் 8 வரையுள்ள எண்களில் அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பின்னை உள்ளே விட்டு, உரித்த வயரை அதற்குள் தள்ளி, கைப்பிடியை முழுசாக அமுக்கினால் நான்கு பக்கத்திலிருந்தும் இன்டென்டர் என்ற அழுத்தும் முனைகள் வந்து எட்டுத் தடம் பதிக்கும். கடைசி வரை அமுக்காமல் கைப்பிடி திரும்பாது, ராட்செட் விடாது. இந்த டூலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காலையில் அமுக்கினாலும், சாயங்காலம் கை ஓய்ந்துபோய் அமுக்கினாலும் ஆழம் ஒன்றுதான், பலசாலி அமுக்கினாலும் நோஞ்சான் அமுக்கினாலும் ஒன்றுதான். அளவை முடிவு செய்யும் வேலையை நம் கையிடம் விடவே இல்லை.

(சால்டர் வைத்தால் இன்னும் கெட்டியாக இருக்காதா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், விமானம் அதிர அதிர, விறைப்பு முடிகிற இடத்தில்தான் இழை ஒவ்வொன்றாக அறும்.)

முடிந்ததும் பார்க்க வேண்டியது இன்ஸ்பெக்ஷன் ஹோல். கான்டாக்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியது போல் ஒரு துளை, அதில் செம்பு இழை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வயர் முழுசாகப் போகவில்லை. இன்சுலேஷனுக்கும் கான்டாக்டின் வாய்க்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருந்தால் சரி. 22 வயரில் 19 இழை, அவற்றில் ஒன்று உரிக்கும்போது அறுந்திருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி உரியுங்கள். நல்ல கிரிம்ப் டூல் வாங்கிவிட்டு, ஸ்ட்ரிப்பருக்கு அந்த வயரின் இன்சுலேஷனுக்கு ஒத்துவராத பிளேடு போட்டு இழையைக் கீறுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

இப்போது செலவு. டூல் விலையே கையைக் கடிக்கும், ஆனால் அது ஆரம்பம்தான். பொசிஷனர் தனி. 22டி பின்னுக்குக் கே42 என்றால் அதே அளவு சாக்கெட்டுக்குக் கே40. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் போட்டால் தடம் தப்பான இடத்தில் விழும், வெளியே பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும். கனெக்டர் வகை மாற மாற டப்பாவில் பொசிஷனர் சேர்ந்துகொண்டே போகும். டூல் சரியான அளவுக்கு மூடுகிறதா என்று பார்க்கும் கோ, நோ-கோ கேஜ் தனி. டூலை முழுசாக மூடி, பச்சை முனை உள்ளே போய் வர வேண்டும், சிவப்பு முனை கடந்து போகக் கூடாது. கேஜை உள்ளே வைத்து அமுக்க மட்டும் செய்யாதீர்கள், கேஜும் போகும் டூலும் போகும். தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் இந்தச் சோதனை, அதற்கு மேல் லேபில் காலிபரேஷன். நாங்கள் அனுப்பும் லேப் ஒரு தடவை டூலை வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இழுத்தடித்தது, அதிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறோம். ஒரே டூலை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள்.

இதே உருவத்தில் மலிவான காப்பிகளும் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் பார்த்தோம். செலக்டரை 4-ல் வைத்தாலும் நாப் ஆடுகிறது, அமுக்கிய பின்களை வெட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஆழம் வேறு. பெஞ்சில் பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், பறக்கிற வேலைக்குத் தொடவே வேண்டாம். காசு குறைவு என்றால் காலிபரேஷன் சான்றிதழோடு வரும் பழைய ஒரிஜினல் வாங்குவது எவ்வளவோ மேல். சரி, எதை வாங்கினாலும் முதலில் சில மாதிரி போட்டு இழுத்துப் பாருங்கள். 22 வயர் 12 பவுண்டு, 24 வயர் 8 பவுண்டு தாங்க வேண்டும்.

பின்னைக் கனெக்டரில் செருக எம்81969/14-01, பச்சையும் வெள்ளையுமான பிளாஸ்டிக் குச்சி. பச்சை முனை செருக, வெள்ளை முனை எடுக்க. விலை ஒன்றுமே இல்லை, ஆனால் முனை சீக்கிரம் பிளக்கும், பிளந்ததைப் போட்டு நோண்டினால் உள்ளே இருக்கும் கிளிப் கெட்டு கனெக்டரே போய்விடும். பாக்கெட்டாக வாங்கி வையுங்கள், பிளந்ததைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள்.

அடுத்து, போல்ட் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டும் வேலை. லாக் வயரை பிளையரால் முறுக்கிக் கட்டியவர்களுக்குத் தெரியும், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு என்று கணக்குப் பார்த்து, கடைசியில் வால் முனை விரலில் குத்தி ரத்தம் வரும். அதற்குப் பதில் சேஃப்-டி-கேபிள் டூல் வந்தபோது நான் நம்பவில்லை, இப்போது விட மனசில்லை. போல்ட் தலைகளின் துளை வழியாகக் கேபிளைக் கோத்து, முனையில் ஃபெரூல் என்ற சின்னக் குழாயை மாட்டி, கைப்பிடியை அமுக்கினால் அதுவே இழுத்து, நசுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுகிறது. இங்கேயும் அதே கதைதான், இழுவை எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. கை நுழையவே இடமில்லாத மூலையில் மட்டும் டூலின் மூக்கு எட்டாது, அங்கே பழைய லாக் வயர்தான். மெயின்டெனன்ஸ் மேனுவல் அனுமதிக்கிற இடத்தில் மட்டும்தான் கேபிள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயர்க் கட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் டையை இறுக்கி வெட்டும் கேபிள் டை கன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டென்ஷன் செட்டிங்கைக் குறைவாகவே வையுங்கள், வாலைத் தலையோடு ஒட்டி வெட்டுகிறதா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வால் அடுத்து கை விடுகிறவனை அறுக்கும், இறுக்கிய டை மெல்லிய இன்சுலேஷனைக் கடிக்கும். 1998-ல் சுவிஸ்ஏர் 111 தீப்பிடித்து 229 பேர் இறந்த விபத்தில், இன்சுலேஷன் கெட்ட வயரில் ஏற்பட்ட ஆர்க்கிங்கை, அதாவது மின்பொறியைத்தான் விசாரணை சுட்டியது. அது டை இறுக்கியதால் வந்தது இல்லைதான், ஆனாலும் இன்சுலேஷன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம். சந்தேகமான இடத்தில் இப்போதும் டைக்குப் பதில் லேசிங் டேப் என்ற கட்டும் நாடாவை எடுத்து முடிச்சுப் போட்டுவிடுவேன்.

ஆக, கையில் குறைந்த காசோடு ஆரம்பிப்பவர் வாங்க வேண்டிய வரிசை: ஏஎஃப்எம்8, அதன் கேஜ், கே40, கே42, குச்சிகள் ஒரு பாக்கெட், நல்ல ஸ்ட்ரிப்பர். ஏஎஃப்8-ஐ தடி வயர் ஆர்டர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம், கேபிள் டூலுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். கேஜை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், டூல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.